காற்றுள்ள சுவாசமும் காற்றில்லாச் சுவாசமும்

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்தில், காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள சங்கம் ஒன்றின் கிடங்கில் இருப்புச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டா. தாளடி விதைப்புக்கென்று வாங்கி வைத்த விதைநெல் 60 மூட்டைகள் ஒரே அட்டியாக அடுக்கப்பட்டு, மேலே தார்ப்பாய் இறுக்கிப் போர்த்தப்பட்டிருந்தது. முந்தின வாரத்து மழையில் கூரை ஒழுகி மூட்டைகள் சிறிது நனைந்ததாகவும், மேலும் நனையாதிருக்க மூடி வைத்ததாகவும் செயலாளர் கூறினார். நான் மூட்டைகளை எண்ணினேன், 60 இருந்தன. பதிவேட்டிலும் 60. கையெழுத்திட்டுத் திரும்பினேன்.

மூன்று வாரங்கள் சென்றபின் உறுப்பினர்கள் சங்கத்தின் வாயிலில் கூடினர். நாற்றங்காலில் முளை எழவில்லை. பருவமோ கடந்துகொண்டிருந்தது. மீண்டும் சென்று, எஞ்சியிருந்த மூட்டைகளில் ஒன்றைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போலிருந்தது. ஆழத்திலிருந்து அள்ளிய நெல்லில் புளித்த வாடை வீசியது. நூறு நெல்மணிகளை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்ததில் 31 மட்டுமே முளைத்தன. சான்றுபெற்ற விதைநெல் நூற்றுக்கு 80-க்குக் குறையாமல் முளைக்க வேண்டும் என்பது விதி. பதிவேட்டின்படி ஒரு மூட்டையும் குறையவில்லை.

அந்த நெல் எதனால் செத்தது என்று அன்று உறுப்பினர்கள் கேட்டனர். கல்லூரியில் தாவரவியல் படித்துப் பட்டம் பெற்றவன் நான். ஆயினும் அவ்விடத்தில் நின்று அவர்களுக்கு விளங்கும்படி சொல்ல என்னால் இயலவில்லை. அன்று சொல்லத் தவறியதையே இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

நெல்லும் சுவாசிக்கிறது. மூச்சு விடுவது வேறு, சுவாசிப்பது வேறு. நாம் மார்பை விரித்துக் காற்றை இழுப்பதும் விடுவதும் மூச்சு. அக்காற்றைக் கொண்டு உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் உணவை எரித்துச் சக்தி பெறுவதே சுவாசம். நெல்லுக்கு நுரையீரல் இல்லை, மூச்சும் இல்லை. ஆனால் சுவாசம் உண்டு. வேர், இலை, புழு, காளான், கண்ணுக்குத் தெரியாத கிருமி ஆகிய யாவற்றுக்கும் அஃது உண்டு.

இஃது ஒரு வகை எரிதலே என்பதைப் பிரெஞ்சு அறிஞர்களான லவாசியே, லாப்லாஸ் ஆகிய இருவரும் 1782-83 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு சோதனையால் காட்டினர். பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் ஒரு கினிப்பன்றியை வைத்து, அதன் உடற்சூட்டினால் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தனர். அப்பிராணி வெளியிடும் அளவு கரியமிலவாயுவைக் கரியை எரித்துப் பெறும்போது எவ்வளவு பனி உருகும் என்பதையும் கணக்கிட்டனர். இரண்டும் ஏறக்குறைய ஒத்து வந்தன. தீயின்றி, சுடரின்றி, மெதுவாக நடக்கும் எரிதலே சுவாசம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

அப்படியானால் காற்று இல்லாத இடத்தில் உயிர் என்ன செய்யும்? விளக்கைக் கலத்தால் மூடினால் அணைந்துவிடுகிறது. உயிரும் அவ்வாறே உடனே அணைந்துவிட வேண்டும் என்றுதான் நெடுங்காலம் கருதினர். இதற்கு விடை கண்டவர் லூயி பாஸ்டர். 1856-இல் லீல் நகரில், பீட்கிழங்குச் சாற்றிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலைக்காரர் ஒருவர் தம் தொட்டிகளில் சில புளித்துக் கெடுவதாக அவரிடம் முறையிட்டார். நல்ல தொட்டியில் ஈஸ்ட் என்னும் நுண்காளானையும், கெட்ட தொட்டியில் கோல் வடிவக் கிருமிகளையும் பாஸ்டர் கண்டார். 1861-இல் அவர் கண்டது இன்னும் வியப்பானது. கெட்ட வெண்ணெயின் வாடையுடைய அமிலத்தை உண்டாக்கும் ஒருவகைக் கிருமிகளை ஒரு துளி நீரில் வைத்து நுண்நோக்கியில் பார்த்தபோது, காற்றுப்படும் துளியின் ஓரத்தில் அவை அசைவற்றுக் கிடந்தன; காற்றுச் செல்லாத நடுப்பகுதியில் துள்ளித் திரிந்தன. காற்றே நஞ்சாகும் உயிரும் உண்டு என்று உலகம் அன்று அறிந்தது.

இனி, கணக்கைப் பார்ப்போம். கணக்கு என்றவுடன் உறுப்பினர்கள் பக்கத்தைப் புரட்ட வேண்டா. இது மிகவும் எளிது.

குளுகோஸ் என்னும் சர்க்கரை 180 கிராம் எடுத்துக்கொள்வோம். காற்றுள்ள சுவாசத்தில் அஃது 192 கிராம் பிராணவாயுவோடு கூடி 264 கிராம் கரியமிலவாயுவாகவும் 108 கிராம் நீராகவும் மாறிவிடுகிறது. எரிய வேண்டியது எதுவும் மீதமில்லை. காற்றில்லாச் சுவாசத்திலோ பிராணவாயு சேர்வதே இல்லை. ஈஸ்டின் கையில் அந்த 180 கிராம் சர்க்கரை 92 கிராம் சாராயமாகவும் 88 கிராம் கரியமிலவாயுவாகவும் உடைகிறது. அவ்வளவே. சர்க்கரையிலிருந்த எரிபொருட் சக்தியில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் அந்தச் சாராயத்திலேயே தங்கிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் சாராய விளக்கு நீலச் சுடரோடு எரிவது எதனால் என்று எண்ணிப் பாருங்கள். ஈஸ்டு எரிக்காமல் விட்டதைத்தான் அவ்விளக்கு எரிக்கிறது.

உயிரணுவுக்குள் சக்தி ஏ.டி.பி. என்னும் பொருளாகச் செலாவணியாகிறது. ரொக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரையின் ஒரு மூலக்கூற்றைக் காற்றின்றி உடைத்தால் உயிரணுவுக்குக் கிடைக்கும் நிகர வரவு 2 ஏ.டி.பி. காற்றோடு முற்றும் எரித்தால் ஏறத்தாழ 30. பழைய பாடநூல்களில் 36 என்றும் 38 என்றும் காணப்படும். பிந்தைய ஆராய்ச்சிகள் அதனைக் குறைத்துவிட்டன. எப்படிப் பார்த்தாலும் பதினைந்து மடங்கு வேறுபாடு. ஒரே கடன், ஒரே அசல். ஒரு கிளையில் முழுவதும் வசூலாகிறது, மற்றொரு கிளையில் இரண்டு தவணை வந்தபின் எஞ்சியது நிலுவையில் நின்றுவிடுகிறது.

இரு வழிகளும் தொடக்கத்தில் ஒன்றே என்பது பலர் அறியாதது. சர்க்கரையை இரண்டாகப் பிளக்கும் முதற்பகுதி காற்றை வேண்டுவதில்லை; எல்லா உயிரணுக்களும் அதனை ஏறக்குறைய ஒரே முறையில் செய்கின்றன. அதன்பின்னரே வழி பிரிகிறது. காற்று உண்டாயின் பிளந்த துண்டுகள் மைட்டோகாண்ட்ரியா என்னும் உள்ளறைக்குச் சென்று முழுதும் எரிகின்றன. அங்கே எரிதலின் கடைசியில் மின்னணுக்களை வாங்கிக்கொள்வது பிராணவாயு. வாங்குவார் இல்லையேல் மேலே உள்ள வேலை முழுவதும் நின்றுபோகும். ஆகவே காற்றில்லாதபோது உயிரணு அவற்றை அந்தத் துண்டுகளின் மேலேயே ஏற்றிவிட்டு, சாராயமாகவோ லாக்டிக் அமிலம் என்னும் புளிப்பாகவோ வெளியே தள்ளுகிறது. தயிரின் புளிப்பும் இட்லி மாவின் புளிப்பும் இவ்வாறு வந்தவையே.

இப்போது அந்த மூட்டைக்குத் திரும்புவோம். விதைநெல்லில் ஈரம் 13 விழுக்காட்டுக்கு மேற்படாதிருந்தால் அதன் சுவாசம் மிகமிக மெதுவாக, உறக்கம் போல் நடக்கும். ஈரம் ஏறினால் விதை விழித்துக்கொள்கிறது. உமியில் ஒட்டியிருக்கும் பூஞ்சைகளும் விழித்துக்கொள்கின்றன. இரண்டும் மூட்டைக்குள் இருக்கும் பிராணவாயுவைப் போட்டியிட்டுச் செலவழிக்கின்றன. காற்றுள்ள சுவாசம் மும்முரமாக நடக்கும் இடத்தில் உஷ்ணம் பிறக்கிறது. அட்டியாக அடுக்கித் தார்ப்பாய் போர்த்தியதால் அது வெளியேற வழியில்லை. உஷ்ணம் ஏற ஏறச் சுவாசமும் விரைகிறது. காற்றுத் தீர்ந்த இடத்தில் விதை காற்றில்லாச் சுவாசத்துக்கு மாறுகிறது. முன்பு ஒரு பங்கு மாவுப்பொருளில் பெற்ற சக்திக்கு இப்போது பதினைந்து பங்கைக் கரைக்க வேண்டும்; கரைத்தாலும் சாராயமும் புளிப்பும் கருவைச் சுற்றித் தேங்குகின்றன. சேமிப்புக் கரைந்து, சூடும் நஞ்சும் சேர்ந்து கரு செத்துவிடுகிறது. என் கையில் பட்ட சூடு காற்றுள்ள சுவாசத்தின் அடையாளம். மூக்கில் பட்ட புளித்த வாடை காற்றில்லாச் சுவாசத்தின் அடையாளம். ஒரே மூட்டையில் இரண்டும் இருந்தன.

மூடி வைத்ததால் நெல் செத்தது என்று சொன்னால் அது பாதி உண்மையே. ஈரத்தோடு மூடியதால் செத்தது. நன்கு காய்ந்த தானியத்தைக் காற்றுப் புகாமல் மூடினால் நன்மையே உண்டாகும். உள்ளே இருக்கும் வண்டும் அந்துப்பூச்சியும் தமக்குள்ள பிராணவாயுவைச் செலவழித்துத் தாமே மூச்சடைத்து மடிகின்றன. அன்று செயலாளர் செய்திருக்க வேண்டியது தார்ப்பாயை விலக்கி, அட்டியைப் பிரித்து, நனைந்த மூட்டைகளைக் கொட்டி உலர்த்துவது. நான் செய்திருக்க வேண்டியது மூட்டையின் வாயைப் பிரித்துக் கையை உள்ளே விடுவது.

வயலில்

விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரச்சாக்கில் கட்டி மறுநாள் வரை இருட்டில் வைக்கும் வழக்கத்தை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும் நீரை வடிப்பது ஏன்? நெல் தண்ணீருக்குள்ளேயே முளைக்க வல்லது. காற்றில்லாத நீரிலும் தன் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. கோதுமைக்கும் பார்லிக்கும் அத்திறன் இல்லை. ஆனால் அவ்வாறு முளைக்கும் நெல்லில் வெளிறிய குருத்துறை மட்டும் நீளுமேயன்றி வேர் எழாது. கிடைக்கும் சிறு வரவை வைத்துக்கொண்டு காற்றுள்ள மேற்பரப்பை எட்டிப்பிடிக்க அது முயல்கிறது. மேடுபள்ளமான நாற்றங்காலில், நீர் தேங்கிய குழிகளில் விழுந்த விதைகள் வேரின்றி மிதப்பதைக் கண்டிருப்பீர்கள். சாக்கில் கட்டிய விதையையும் இடையிடையே திருப்பி வைப்பது நல்லது. நடுவிலுள்ள விதைதான் முதலில் சூடேறிக் காற்றுக்கு ஏங்குகிறது.

ஒரே மழையில் பருத்தி வாடுவதும் நெல் செழிப்பதும் மற்றொரு புதிர். நீரினூடே பிராணவாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. நீர் தேங்கிய மண்ணில் இருப்பதையும் கிருமிகள் ஓரிரு நாளில் தீர்த்துவிடுகின்றன. பருத்தியின் வேர் சாராயமும் புளிப்புமாகத் திணறி, நீரை உறிஞ்சும் சக்தியையும் இழக்கிறது. ஆகையால்தான் தண்ணீரில் நின்றுகொண்டே பருத்தி இலை தாகத்தால் தொங்குவது போல் தொங்குகிறது. நெற்பயிரோ தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய்களை வைத்திருக்கிறது. இலை வாங்கிய காற்று அவற்றின் வழியே வேர்நுனி வரை இறங்குகிறது. பிடுங்கிய நெல்வேரின்மேல் செம்பழுப்புப் பூச்சு இருந்தால், வேரிலிருந்து கசிந்த பிராணவாயு மண்ணிலுள்ள இரும்பைத் துருவாக்கியிருக்கிறது என்று கொள்ளலாம்; வேர் நலமாயிருக்கிறது. வேர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசினால் தண்ணீரை வடித்து வயலைக் காயவிட வேண்டும்.

இவ்விடத்தில் நூல்களிடையே உள்ள ஒரு சொற்குழப்பத்தையும் குறிப்பிட வேண்டும். பள்ளிப் பாடங்களில் சாராயமாகவும் புளிப்பாகவும் முடியும் வழியைக் காற்றில்லாச் சுவாசம் என்பர். நுண்ணுயிரியலார் அதனை நொதித்தல் என்று பிரித்து, பிராணவாயுவுக்குப் பதிலாக வேறொரு பொருளைச் சுவாசிப்பதையே காற்றில்லாச் சுவாசம் என்பர். நெல்வயலின் சேற்றுக் கிருமிகளில் இத்தகையவை பல. நைட்ரேட்டு இருந்தால் அதனைச் சுவாசித்து, தழைச்சத்தை வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடும். சல்ஃபேட்டைச் சுவாசிப்பவை மேற்சொன்ன முட்டை நாற்றத்தை உண்டாக்கும். நீர் நிற்கும் வயலுக்கு நைட்ரேட்டு உரம் ஆகாது, அம்மோனிய உரமோ யூரியாவோ இடுக என்று வேளாண் அலுவலர்கள் கூறுவதன் காரணம் இதுவே. காசு கொடுத்து வாங்கிய உரத்தைச் சேற்றுக் கிருமி மூச்சாக விடக் கொடுப்பானேன்?

தறியில்

நெசவாளர் உறுப்பினர்கள் இதுவரை பொறுமையாக இருந்ததற்கு நன்றி. குழித்தறியில் மிதியை மாறி மாறி மிதிக்கும் கால் ஒரு சீரான வேலையைச் செய்கிறது. இரத்தம் கொண்டுவரும் பிராணவாயு அதற்குப் போதும். ஆகவே நாள் முழுதும் மிதிக்க முடிகிறது. ஆனால் கனத்த நூற்சிப்பத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால் அரை நிமிடத்தில் தொடை எரிகிறது. சக்தியின் தேவை திடீரென ஏறியதால், தசை பெரும்பகுதியைக் காற்றில்லா வழியில் பெறுகிறது. லாக்டிக் அமிலம் சேர்கிறது. குனிந்த நிலையில் தோளை நெடுநேரம் இறுக்கி வைப்பதும் அத்தகையதே. இறுகிய தசை தன்னுள் ஓடும் நுண்ணிய இரத்தக்குழாய்களைத் தானே நசுக்கிவிடுகிறது. அவ்வப்போது கைகளைத் தொங்கவிட்டுத் தோளைத் தளர்த்தினால் இரத்தம் பாயும்.

மறுநாள் காலையில் தோன்றும் உடல்வலிக்கும் இந்த அமிலமே காரணம் என்று முன்பு எழுதிவந்தனர். அது சரியன்று. ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அமிலம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. இதயம் அதனை எரிபொருளாகவே பயன்படுத்துகிறது, கல்லீரல் அதனைத் திரும்பச் சர்க்கரையாக்குகிறது. மறுநாள் வலி, பழகாத வேலையால் தசையிழைகளில் உண்டாகும் நுண்ணிய சிதைவினால் வருவது. இரத்தத்தின் சிவப்பணுவைப் பற்றியும் ஒன்று சொல்ல ஆசை. உடல் முழுவதற்கும் பிராணவாயுவைச் சுமந்து செல்வது அதுவே. தனக்கென்று அதில் சிறிதும் எடுத்துக்கொள்வதில்லை. மைட்டோகாண்ட்ரியா இல்லாத அந்த அணு வாழ்நாள் முழுதும் காற்றில்லா வழியிலேயே காலந்தள்ளுகிறது. காசாளர்களில் இத்தகையோர் கிடைத்தால் என் வேலை குறையும்.

அவுரி நீலமும் காற்றில்லா வாழ்வின் தொழிலே. நீலம் நீரில் கரையாது. கரையாதது நூலில் ஏறாது. நம் முன்னோர் தாழியில் நீலத்தோடு சுண்ணாம்பும், வேகவைத்த தகரை விதையும் சேர்த்து மூடி வைத்தனர். விதைக்கஞ்சியை உண்ணும் கிருமிகள் தாழியிலுள்ள காற்றைத் தீர்த்தபின், மின்னணுக்களை வாங்க ஆள் தேடுகின்றன. நீலமே அவற்றை ஏற்றுக்கொண்டு, மஞ்சள் கலந்த பச்சை நீராகக் கரைகிறது. அதில் தோய்த்த நூலை வெளியே எடுத்து விரித்தவுடன் காற்றின் பிராணவாயு அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள, பச்சை கண்ணெதிரே நீலமாகி இழையிலேயே சிக்கிக்கொள்கிறது. தாழியை அடிக்கடி திறந்து கலக்கிக் காற்றை விட்டால் சாயம் ஏறாது போவதன் காரணமும் இதுவே. இன்று ஹைட்ரோஸ் என்னும் மருந்து கிருமிகளின் வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது.

குழியில்

எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். தென்னிந்தியாவின் சோளம் விளையும் வறண்ட சீமைகளில் தானியத்தை நிலத்தடிக் குழியில் கொட்டி மண்ணிட்டு மூடும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்தது. பூச்சி மடிவது எதனால் என்று மேலே சொன்னேன். அதே காரணம் மனிதனையும் கொல்லும். மூடிய குழியில் பிராணவாயு குறைந்து கரியமிலவாயு நிறைந்திருக்கும். அது காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. குழியைத் திறந்த பின்னும் அடியில் தங்கும். காற்றில் அது 10 விழுக்காட்டை எட்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். நெடுநாள் மூடிக்கிடந்த கிணறும், சருகும் சாணமும் அழுகும் பள்ளமும் இவ்வாறே.

விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் முழுக் காப்பு ஆகாது. பிராணவாயு 21 விழுக்காட்டிலிருந்து 16 அளவுக்கு இறங்கினால் சுடர் அணையும் என்பது உண்மை. ஆனால் சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே கரியமிலவாயு மனிதனைத் தாக்கும் அளவில் இருக்கக்கூடும். சாண எரிவாயுக் கலத்திலும் கழிவுத் தொட்டியிலும் விளக்கு இறக்குவது தற்கொலைக்கு ஒப்பாகும். அங்கே காற்றில்லாக் கிருமிகள் உண்டாக்கிய மீத்தேன் தீப்பற்றி வெடிக்கும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடும் அங்கே உண்டு. அது மிகுந்தால் மூக்கின் உணர்ச்சியை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணுபவன் மீள்வதில்லை.

தானியக்குழியை இறங்குவதற்கு நெடுநேரம் முன்பே நன்கு திறந்து வைத்துக் காற்றோட்டம் செய்க. உயிர்க்காற்று உள்ளதா என்று அளக்கும் கருவி தீயணைப்பு நிலையத்தாரிடம் இருக்கக்கூடும். ஐயமிருந்தால் அவர்களை அழைக்கத் தயங்க வேண்டா. இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டப்பட்டிருக்க வேண்டும். மேலே இருவர் கயிற்றைப் பிடித்து, இடைவிடாமல் அவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். மறுமொழி வராவிட்டால் கயிற்றை இழுக்க வேண்டுமேயன்றி எவரும் பின்னால் குதிக்கலாகாது. இத்தகைய விபத்துக்களில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் மாண்டவர்களில் பலர் முதல்வரைக் காக்க இறங்கியவர்களே. கழிவுத் தொட்டிக்குள்ளோ காப்புச் சாதனமின்றி எவரையும் இறக்கி வேலை வாங்கவே கூடாது. 2013-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் அதனைக் குற்றமாக்கியுள்ளது. சங்கக் கட்டடத்தின் தொட்டியானாலும் அதற்கு விலக்கில்லை.